பழுதுக்கு ஒரு வீடு

என் கண்ணில் பழுது என்று எழுதியிருந்தது. பத்தொன்பது வருடமாகக் கண்ணாடிக்குள் கடுகில் கால்வாசி இருக்கிற கல்லைக்கூடக் கண்டுபிடித்துக் கொடுத்த கண். அதில் பழுதாம். படித்துக் காட்டிய முதலாளியின் மேசைமேல் இருந்த தண்ணீரை எடுத்து அவர் தலையிலேயே ஊற்றிவிடலாமா என்று யோசித்தேன். ஊற்றவில்லை. அதற்காக இன்றுவரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

"நானா எழுதினேன்? கச்சிதம் எழுதியிருக்குது அம்மிணி," என்றார் முதலாளி சென்னியப்பன். மழை பெய்ததற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று சொல்கிற தொனி.

அறிக்கை சின்னதுதான். அன்னூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையின் மகளிர் விடுதி, மூன்றாம் மாடி, மேற்குப் பார்த்த ஜன்னல். சாயங்கால வெயிலில் கண்ணாடி பிளந்து, ஒரு பெரிய துண்டு சரிந்து விழுந்திருக்கிறது. முத்துப்பேச்சி என்கிற இருபது வயதுப் பெண்ணுக்கு வலது மணிக்கட்டில் நரம்பு அறுந்துவிட்டது. காரணம், கண்ணாடியின் விளிம்பில் இருந்த கல். பொறுப்பு, பரிசோதகர் கோகிலவாணியின் கவனக் குறைவு. கோகிலவாணி நான்தான்.

"ஏழு நாள்ல போலீஸ் கேஸாகும். ஆமாம், தெரியாம விட்டுட்டேன்னு நீ ஒரு கையெழுத்துப் போட்டுட்டீன்னா, மிச்சத்தை நம்ம வக்கீல் பார்த்துக்குவாரு."

"தெரியாம விட்டிருந்தாத்தானுங்க கையெழுத்துப் போடணும்? என்ற கண்ணுல படாம ஒரு கல்லு அந்த மேசையைத் தாண்டாதுங்க."

"அப்புறம் எப்படி விடுதிக்குப் போச்சு?"

"அதைத்தானுங்க நானும் கேக்கறேன்!"

என் குரல் வெளியே ஷெட் வரை கேட்டதாக அப்புறம் சொன்னார்கள். கேட்கட்டும்.

கச்சிதம் ஆள் இல்லை, மென்பொருள். பாலக்காட்டுச் சாலையில் இருக்கிற எங்கள் தொழிற்சாலைக்குக் கண்ணாடி பத்தடிக்கு எட்டடி ஷீட்டாக வந்து இறங்கும். அதிலிருந்து ஒருவருக்கு ஜன்னல், ஒருவருக்கு அலமாரிக் கதவு, ஒருவருக்குக் குளியலறைத் தடுப்பு என்று வெட்டிக் கொடுக்க வேண்டும். எதை எங்கே வைத்து வெட்டினால் குறைவாக வீணாகும் என்பதுதான் இந்தத் தொழிலின் மூளை. முன்பு நூறில் பத்துப் பங்கு உடைசல் தொட்டிக்குப் போகும். கச்சிதம் வந்து மூன்றே வருடத்தில் அது ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது.

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாப் பொறுப்பையும் தூக்கி அதனிடமே கொடுத்தார். ஆர்டர் எடுப்பது அது, லாரி அனுப்புவது அது, புகாருக்குப் பதில் எழுதுவதும் அது. சட்டம் மாறிய பிறகு விபத்து அறிக்கையை எழுதி நேராகப் போலீசுக்கும் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் அனுப்புவதுகூட அதுதான். மனிதர் எழுதினால் யார் பக்கமாவது சாய்வாராம், மென்பொருள் சாயாதாம். சட்டம் போட்ட புண்ணியவான்கள் அப்படிச் சொன்னார்கள்.

என் வேலை லைட் மேசையில். அடியிலிருந்து வெளிச்சம் வரும், மேலே ஷீட் நகரும். உள்ளே கல், குமிழி, விளிம்பில் மயிரிழை விரிசல் என்று எது தெரிந்தாலும் சிவப்பு மெழுகு பென்சிலால் அதன்மேல் பெருக்கல் குறி போடுவேன். கல் என்பது உருகாமல் நின்றுபோன மணல் துகள். அது விளிம்பை ஒட்டி இருந்துவிட்டால் வினைதான். வெயிலில் கண்ணாடி விரியும், கல் கூடவே விரியாது, ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் பிளக்கும்.

கச்சிதத்துக்கு முன்னால் எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பழுதைக் கண்டவர்தான் உடைக்க வேண்டும். வெட்டி முடித்ததும் அந்தத் துண்டை எடுத்துப்போய், டீக்கு மணி அடிப்பதற்குள் தன் கையாலேயே சுத்தியலால் அடித்துத் தொட்டியில் கொட்ட வேண்டும். இன்னொருவர் கையில் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் 'இந்த ஒரு தடவை போகட்டும்' என்று எவனாவது லாரியில் ஏற்றிவிடுவான். கச்சிதம் வந்த வாரமே சுத்தியலை வாங்கிப் பூட்டினார்கள். நீங்கள் குறி மட்டும் போட்டால் போதும், கேமரா படித்துக்கொள்ளும், பழுதுக்கு இடம் ஒதுக்குவது கச்சிதத்தின் பாடு என்றார்கள். தோள்வலி மிச்சம் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

அன்றைக்கு முதலாளி அறையிலிருந்து நேராக லைட் மேசைக்குப் போய்ப் பழைய பதிவுகளைத் திறந்தேன். அவரவர் போட்ட குறியை அவரவர் பார்த்துக்கொள்ளலாம். அறிக்கையில் இருந்த ஷீட் எண்ணைத் தேடினேன். அக்டோபர் நான்காம் தேதி. விளிம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி என் சிவப்புக் குறி பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் என் கையெழுத்திலேயே மூன்று என்று எழுதியிருந்தது. மூன்று என்றால், ஒரு கோடை தாங்காது என்று அர்த்தம்.

எனக்குக் கொதித்துக்கொண்டு வந்தது. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி யுகேந்திரன் அறைக்குப் போனேன். கச்சிதத்தை எங்கள் தொழிற்சாலைக்குப் பழக்கிவிட்ட இன்ஜினீயர் அவன்தான். முப்பது வயது இருக்கும். ஏசி அறையில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தான்.

"தம்பி, என்ற குறி இருக்குது, பாருங்க. மூணுன்னு நம்பரும் இருக்குது. அப்புறம் எப்படீங்க என்ற கண்ணு பழுதாச்சு?"

அவன் எட்டிப் பார்த்தான். "குறி இருக்குதுங்க்கா. யாரு இல்லைன்னா?"

"அறிக்கை இல்லைங்குது!"

"அறிக்கை 'கவனக் குறைவு'ன்னு சொல்லுது. குறி போடலைன்னு எங்கீங்க்கா சொல்லுது?"

இப்படிப் பூசி மெழுகுகிறவனைக் கண்டால் எனக்கு ஆகாது. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துவிட்டேன்.

"சரீங்க தம்பி. இந்தக் கல்லுக்குக் கச்சிதம் எங்கே இடம் ஒதுக்குச்சு?"

"பழுதெல்லாம் வேஸ்ட்டாப் போற ஓரத்துல வர்ற மாதிரிதானுங்க்கா வெட்டும்."

"அந்த ஓரம் இப்ப எத்தனை அகலம்?"

"ஒரு விரக்கடை வரும்."

"நான் ஒரு நாளைக்கு முப்பது குறி, நாப்பது குறி போடறேன். அத்தனை கல்லும் ஓரமாப் பார்த்து வந்து ஒக்காந்துக்குமா? கல்லுக்குக் காலு இருக்குதா?"

அவன் முறுக்கைக் கீழே வைத்தான்.

"கழிவு பத்துப் பங்கு இருந்தப்ப பழுது கழிவோட தொட்டிக்குப் போச்சு. இப்பக் கழிவே இல்லைங்கறீங்க. அப்பப் பழுது எங்கீங்க தம்பி போகும்?"

"யாராவது ஒருத்தரோட ஜன்னலுக்குத்தானுங்க்கா போகும்," என்றான்.

"யாரோட ஜன்னலுக்கு?"

"சத்தியமா நாங்க அதுகிட்ட ரெண்டே ரெண்டுதானுங்க்கா சொன்னோம். கழிவு குறையணும், புகார் குறையணும். வேற ஒண்ணும் சொல்லலை. அதுவாப் பழைய புகாரையெல்லாம் படிச்சுது. கண்ணாடி உடைஞ்சா யாரு எழுத்துல கேக்கறாங்க, யாரு வக்கீலைக் கூட்டிட்டு வர்றாங்க, யாரு கம்முனு கூட்டி அள்ளிப் போட்டுட்டு அட்டையை ஒட்டிக்கறாங்கன்னு..."

"கம்முனு இருக்கறவங்க வீட்டுக்குப் பழுது."

"அது அப்படிப் பேர் வெக்கலைங்க்கா. 'பொருத்தமான இடம்'னு வெச்சிருக்குது."

திரையை என் பக்கம் திருப்பினான். நான் திட்டுவதை நிறுத்த வேண்டும் என்று திருப்பினானா, உள்ளுக்குள் அவனுக்கும் உறுத்தியதா, தெரியாது. பொருத்தமான இடங்கள் என்று ஒரு பட்டியல். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. முதல் பக்கத்தில் தெரிந்ததை மட்டும் படித்தேன். நூற்பாலை விடுதி. ஓர் அரசுப் பள்ளி. ஏரிக்கரையிலிருந்து அப்புறப்படுத்தியவர்களைக் குடிவைத்த அடுக்குமாடி. ஓர் அங்கன்வாடி. வடநாட்டு ஆட்கள் தங்கும் கொட்டகை. ஒரு முதியோர் இல்லம். எல்லாம் மேற்கு வெயில் படுகிற ஜன்னல்களா, யாருக்குத் தெரியும். மாசி மாதமே இப்படிக் காய்கிறது. இன்னும் இருநூற்றுப் பதின்மூன்று கண்ணாடிகள் சித்திரைக்காகக் காத்துக்கொண்டு நிற்கின்றன.

மரியாதையெல்லாம் பறந்துபோனது. "ஏண்டா, நீயெல்லாம் சோத்துலதான் உப்புப் போட்டுத் திங்கறயா? அங்கன்வாடிடா! தவழற குழந்தைக ஜன்னலுக்குக் கீழதானே படுத்திருக்கும்!"

அவனுக்கும் முகம் சிவந்துவிட்டது. "என்னை மட்டும் ஏன்க்கா திட்டறீங்க? எந்தக் கல்லு எத்தனை நாள் தாங்கும்னு அதுக்கு யாரு சொல்லிக்குடுத்தது? நீங்கதானே!"

நான்தான். அதை எப்படி மறுப்பது? முதல் மூன்று மாதம் இவன் என் மேசைக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். 'இது எத்தனை நாள் தாங்கும்க்கா? இது?' என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். இது பத்து வருடம் நிற்கும், ஒன்று போடு. இது நாலு வருடம், இரண்டு போடு. இது ஒரு கோடை தாங்காது, மூன்று. 'எப்படிக்கா இப்படிச் சொல்றீங்க!' என்று அவன் வாயைப் பிளப்பான். எனக்குப் பெருமை தாங்காது. கேட்காததையும் சேர்த்துச் சொல்லுவேன். எதற்குக் கேட்கிறான் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

"ஒண்ணும் ரெண்டும் கியாரண்டி முடியற வரைக்கும் தாங்கும். அதை எங்க வேணாலும் அனுப்பலாம்," என்றான். "மூணுதான் சிக்கல். மூணைக் கம்முனு இருக்கறவங்களுக்குத்தான் அனுப்ப முடியும்."

"அது சரி. பொறுப்பை எதுக்கு என்ற தலையில போட்டுச்சு?"

அவன் கீபோர்டைத் தட்டினான். என் பெயர் திரையில் வந்தது. கீழே ஒரு வரி: பத்தொன்பது ஆண்டுகள், எழுதிக் கொடுத்த புகார்கள் பூஜ்யம்.

"ரெண்டுக்கும் ஒரே முறைதானுங்க்கா. கல்லுக்கு ஒரு எடம் வேணும். நடந்ததுக்குப் பொறுப்புன்னு போடவும் ஒரு எடம் வேணும்."

"நானா கம்முனு இருக்கறவ?"

எங்கள் தெருவில் தண்ணீர் லாரிக்காரன் என் குரலைக் கேட்டால் வண்டியைப் பின்னுக்கு எடுப்பான். என் வீட்டுக்காரர் பாதிச் சண்டையில் வாசலுக்குப் போய் நின்றுகொள்வார். ஷெட்டில் ஃபேன் ஓடாத நாளெல்லாம் நான் கத்தாத கத்தா?

"வாயில பேசினது அதுக்குத் தெரியாதுங்க்கா. எழுத்துல இருந்தாத்தான். நீங்க ஒரு தடவைகூட எழுதிக் குடுக்கலை."

மறுநாள் முதலாளியிடம் போய், அந்த இருநூற்றுப் பதின்மூன்றையும் கழற்றி மாற்றச் சொன்னேன். "எந்தப் பட்டியலு?" என்றார். யுகேந்திரனைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்படி ஒண்ணும் இல்லீங்க சார்," என்றான். வெளியே வந்து பட்டியலில் பார்த்த பள்ளிக்குப் போன் போட்டேன். தலைமையாசிரியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்ககிட்ட உங்க கம்பெனியே கொடுத்த தரச் சான்றிதழ் இருக்குதும்மா," என்று வைத்துவிட்டார். அந்தச் சான்றிதழையும் கச்சிதம்தான் அச்சடிக்கிறது.

சாயங்காலம் உட்கார்ந்து, அறிக்கையை எதிர்த்துக் கச்சிதத்துக்கே ஆட்சேபம் எழுதினேன். வாழ்க்கையில் எழுதிய முதல் புகார். குறி போட்ட தேதி, ஷீட் எண், மூன்று என்று போட்டது, எல்லாம் எழுதினேன். என் பெயரை நீக்காவிட்டால் லேபர் கோர்ட், மகளிர் ஆணையம், பத்திரிகை என்று போகாத இடம் இருக்காது என்றும் கடைசியில் சேர்த்தேன்.

இரண்டே நாள். திருத்திய அறிக்கை வந்துவிட்டது. பரிசோதகர் கோகிலவாணி தம் கடமையைச் சரியாகச் செய்துள்ளார் என்று முதல் வரியிலேயே இருந்தது.

நான் அழுதேன். வெட்கமில்லாமல் ஷெட் நடுவில் நின்று அழுதேன். இந்தக் கண்ணை வைத்துத்தான் இரண்டு பெண்களைப் படிக்கவைத்தேன், தெரியுமா? உடனே ஆள் அனுப்பி இரண்டு கிலோ ஜாங்கிரி வாங்கி எல்லோருக்கும் கொடுத்தேன். முதலாளிக்கும் கொடுத்தேன். அவர் அறையில் இருந்த வக்கீல், வாயில் ஜாங்கிரியோடு, "நல்லவேளைம்மா. கேஸ் நடந்திருந்தா உங்க பக்கம் கேக்கற ரெக்கார்டையெல்லாம் நாங்க கோர்ட்டுல வெச்சே ஆகணும். பெரிய தலைவலி. இப்ப எல்லாம் முப்பது நாள்ல அழிஞ்சுரும்," என்றார். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு வந்தபிறகுதான் அறிக்கையின் மிச்சத்தைப் படித்தேன். காயமடைந்த முத்துப்பேச்சி ஜன்னல் சட்டத்தில் ஈரத் துணிகளைத் தொங்கவிட்டு வந்ததே விபத்துக்குக் காரணம். பொறுப்பு அவரையே சாரும். விசாரணை முடிவுற்றது. தொடர்புடைய பதிவுகள் முப்பது நாட்களில் நீக்கப்படும்.

அதே வேகத்தில் யுகேந்திரன் அறைக் கதவைத் தள்ளினேன். "அந்தப் பொண்ணு மேலயா போட்டிருக்குது?"

"உங்களுக்கு அடுத்து, புகார் எழுதற வாய்ப்பு அவங்களுக்குத்தானுங்க்கா கம்மி. கை வேற அடிபட்டிருக்குது. எழுத மாட்டாங்கன்னு..."

"அவளும் எழுதினா?"

அவன் பார்த்துச் சொன்னான். "விடுதி வாட்ச்மேன். ஜன்னலைச் சரியாப் பராமரிக்கலைன்னு வரும்."

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். புகார் எழுதுகிற தாளும் மை டப்பியும் பையில் இருந்தன. அவள் கை வராவிட்டால் நான் எழுதுவேன், அவள் இடது கைப் பெருவிரலை வைத்தால் போதும். அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். நியாயத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவள் மாதிரி நடந்தேன்.

முத்துப்பேச்சி தென்காசிப் பக்கத்துப் பெண். ஒல்லியாக இருந்தாள். வலது கையில் முழங்கை வரை கட்டு. விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன. ஒன்றுகூட அசையவில்லை. யாரென்று சொன்னேன். முகத்தில் அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். நகர்ந்து உட்கார இடம் கொடுத்தாள்.

"எம்மேலதான் தப்புன்னு வார்டன் அம்மா வாசிச்சுக் காட்டுனாங்கக்கா. துணி போட்டது நெசந்தான். எல்லாப் பிள்ளைகளும் அங்கதான் போடுவோம்."

"துணி போட்டா கண்ணாடி பிளக்காது புள்ளே. அதுல பழுது இருந்துச்சு. நானே பார்த்தேன். குறி போட்டேன். தெரிஞ்சேதான் உங்களுக்கு அனுப்பியிருக்குது."

எல்லாவற்றையும் சொன்னேன். கழிவு குறைந்த கதை, பழுது போகும் கதை, கம்முனு இருப்பவர்களைத் தேடிப் பிடிக்கும் கதை. அக்டோபரில் நான் மூன்று போட்டதைச் சொன்னபோது மட்டும் கட்டுப்போட்ட கையை ஒருதரம் பார்த்துக்கொண்டாள். மில்லில் நூலை முறுக்கும் மெஷினில் இழை அறுந்தால் கண்ணிமைக்கிற நேரத்தில் முடிபோடுகிற கையாம் அது. பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள்.

"இப்ப நீ ஒரு புகார் எழுதணும். நான் எழுதறேன், நீ ரேகை வை. உன்ற மேல போட்டதை எடுத்துரும். எனக்கு ரெண்டே நாள்ல எடுத்துருச்சு."

"எடுத்து எங்கக்கா வைக்கும்?"

நான் மை டப்பியைத் திறந்துகொண்டிருந்தேன். "என்ன?"

"உங்க மேல இருந்ததை எடுத்து எம்மேல வச்சுச்சு. எம்மேல இருக்கறதை எடுத்தா யார் மேல வைக்கும்?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. "வாட்ச்மேன் மேல," என்றேன்.

"தாத்தா மேலயா?" எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அவருதாம்க்கா தோள்ல கெடந்த துண்டைக் கிழிச்சு என் கையக் கட்டுனது. ஆட்டோவுல மடியில போட்டுக் கொண்டாந்தது. வேண்டாம்க்கா."

"நீ என்ன லூசா? கை போச்சுடி உனக்கு!" வார்டே திரும்பிப் பார்த்தது. "இனி எந்த மில்லுலடி உன்னை வேலைக்கு வெப்பான்? அவரைப் பார்க்கறயே, உன்னை யாரு பார்ப்பா?"

"கை போனது போனதுதானக்கா. தாத்தாவுக்கு வேலையும் போவணுமா? அவரு எழுதுனா அப்புறம் சமையக்கார அத்தை மேல போவும். எதுக்கு?"

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை அவள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். எடுத்து எங்கே வைக்கும். என் ஆட்சேபத்தை அனுப்பியபோது எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. ஜாங்கிரி வாங்கத்தான் தோன்றியது.

பஸ்ஸில் வரும்போது ஜன்னலோர இருக்கை கிடைத்தது. வழியெல்லாம் கட்டடங்கள். எல்லாவற்றிலும் கண்ணாடி. இதில் எது எங்களுடையது, எதில் நான் மூன்று போட்டேன் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். உக்கடம் வருவதற்குள் அந்த வக்கீல் வாயில் ஜாங்கிரியோடு சொன்னது நினைவுக்கு வந்துவிட்டது. அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் என்ன என்று கேட்டார்.

யுகேந்திரன் கிளம்பிக்கொண்டிருந்தான். வழியை மறித்து நின்றேன்.

"தம்பி, என்ற ஆட்சேபத்தை வாபஸ் வாங்கணும். எங்கே அமுக்கறது?"

"என்னக்கா சொல்றீங்க? வாபஸ் வாங்கினா பொறுப்பு மறுபடி உங்க மேலயே வரும். போலீஸ் கேஸாகும்."

"தெரியுமுங்க. எங்கே அமுக்கறது?"

"பைத்தியமாக்கா உங்களுக்கு? வேலை போயிரும். பத்தொம்பது வருசப் பேரு போயிரும்."

"அந்தப் பேரை வெச்சுட்டு நான் என்ன பண்ணட்டும், நாக்கு வழிக்கறதா? அந்தப் பொண்ணு மேல இருந்தாக் கேஸே இல்லை. முப்பது நாள்ல பட்டியலை அழிச்சுட்டுச் சித்திரைக்குக் கம்முனு காத்துட்டிருப்பீங்க. என்ற மேல இருந்தாக் கேஸ் நடக்கும். நடந்தா ஒண்ணையும் அழிக்க முடியாது, நான் கேக்கறதையெல்லாம் கொண்டாந்து வெக்கணும். உங்க வக்கீல்தான் சொன்னாரு."

அவன் திரையைக் காட்டினான். பட்டனை நானே அமுக்கினேன். உறுதியா என்று கேட்டது. உறுதி என்றேன். கச்சிதம் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பொறுப்பு, பரிசோதகர் கோகிலவாணி. முத்துப்பேச்சியின் பெயர் அந்த இடத்திலிருந்து மறைந்துவிட்டது. அதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது அல்லவா, சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும்.

ஐந்தாம் நாள் சம்மன் வந்தது. எனக்கு என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி ஒரு தாள் அதோடு இருந்தது. லைட் மேசைமேலேயே வைத்து நிறுத்தி நிதானமாக எழுதினேன். இருநூற்றுப் பதினான்கு முகவரிகளும். மூன்று வருடத்தில் நான் போட்ட ஒவ்வொரு குறியும், அது போன வீடும். எத்தனை நாள் தாங்கும் என்று நான் சொல்லிக்கொடுத்த மூன்று மாதப் பதிவும். அதில் என் மானமும்தான் போகும், போகட்டும்.

நான் எழுதுவதை யுகேந்திரன் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில் இறங்கி வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, என்னையும் கோர்ட்டுக்குக் கூப்பிடுவீங்களா?"

"பின்னே?" என்றேன். "மொதல் சாட்சியே நீங்கதானுங்க தம்பி."